தலைச்சோலைக்காரர்கள் போட்ட மார்க்

கோபம் இருக்கும் இடத்தில்தான் குணம் இருக்கும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? இதை நான் எங்கள் மானேஜர் பிரகாஷிடம் நேராகவே கேட்டேன். அவர் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதெல்லாம் எழுத இதுல எடமில்லைங்க மேடம். ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் ஒரு நம்பர், அவ்வளவுதான்" என்றார்.

நான் சாந்தாமேரி. ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களைப் பிரித்து அனுப்புவது, எந்தச் சரிவில் யார் பழம் பறிப்பது என்று சொல்வது, சாயங்காலம் ஒவ்வொருவர் பறித்ததையும் எடை போட்டுப் பதிவது, எல்லாம் என் வேலை. பறிப்புக் காலத்தில் கிலோவுக்குத்தான் கூலி. அதனால் எடை போடுகிற கை சுத்தமாக இருக்க வேண்டும். என் கை சுத்தம். வாயைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது தனிக் கதை, அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் லூர்துராஜ்தான் ரைட்டர். முழங்கால் தேய்ந்து அவர் ஓய்வு பெற்றதும், எஸ்டேட்டின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவள் என்று என்னைத் தற்காலிகமாக அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தற்காலிகம் என்றால் ஒன்று நிரந்தரமாக வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். கிளம்பினால் ரைட்டருக்கென்று எஸ்டேட் கொடுத்திருக்கும் வீட்டையும் விட வேண்டும். கல்யாணமாகி நான் வந்து இறங்கிய வீடு அது. எங்களுக்கு வேறு வீடு கிடையாது. இனி சொல்லப்போகும் ஓட்டமெல்லாம் அந்த வீட்டுக்காகத்தான்.

பிரகாஷ் போன வருஷம் சேலத்திலிருந்து வந்தவர். நல்ல பிள்ளை, படித்த பிள்ளை, சேலத்து ஆபீஸ் எது சொன்னாலும் தலையாட்டுகிற பிள்ளை. இந்த வருஷம் ஆபீஸ் கண்டுபிடித்த புதுச் சமாச்சாரம் 'தன் மதிப்பீடு'. வேலையில் நம்மை நாமே எப்படி நடத்திக்கொள்கிறோம் என்று நாமே பார்த்து மார்க் போட வேண்டுமாம். நேரத்தைப் பயன்படுத்துதல், வேலையைப் பகிர்ந்து கொடுத்தல், நேர்மை, கோபத்தைக் கையாளுதல், பிறர் சொல்வதைக் கேட்டல் என்று வரிசையாகக் கேள்வி. சராசரி நாலுக்கு மேல் வந்தால்தான் நிரந்தரம்.

இவ்வளவுதானே என்று போனிலேயே எல்லாவற்றுக்கும் அஞ்சு போட்டு அனுப்பினேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அடுத்த நாளே திரும்பி வந்துவிட்டது.

"ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு உதாரணம் எழுதணும் மேடம். சும்மா அஞ்சு போட்டா சிஸ்டம் எடுத்துக்காது" என்றார் பிரகாஷ்.

"சிஸ்டத்துக்கு என்னைத் தெரியாதுங்க சார், உங்களுக்குமா தெரியாது?"

"எனக்குத் தெரியுங்க மேடம்" என்றார். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று வீட்டில் உட்கார்ந்து உதாரணம் தேடினேன். நேர்மைக்கு வேண்டிய மட்டும் கிடைத்தது. 'பிறர் சொன்னதைக் கேட்டு உங்கள் முடிவை மாற்றிக்கொண்ட ஒரு சந்தர்ப்பம்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"ஏனுங்க, நீங்க சொல்லி நான் எதையாச்சும் மாத்தியிருக்கேனா?"

அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். "வாசக் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் வேண்டாம்னேன்."

"பச்சைதான அடிச்சோம்?"

"ஆமா" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு. மனுஷன் முப்பது வருஷம் ரைட்டராக இருந்தும் ஒருவரிடமும் சத்தம் போட்டதில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில், மேஸ்திரிகளும் இந்த மதிப்பீட்டைச் செய்ய வேண்டும் என்று இன்னொரு உத்தரவு. எங்களுக்குப் பறிப்புக்கு வரும் பெரிய கும்பல் தலைச்சோலைக்காரர்கள். அவர்களுடைய மேஸ்திரி ஐயாக்கண்ணு. அவரிடம் இருப்பது பட்டன் போன். அதனால் ஏற்காட்டுக்குப் போய்க் கேள்விகளை இரண்டு பிரதி எடுத்து வந்தேன். ஒன்று அவருக்கு. இன்னொன்றில் என் பெயரையும் பதவியையும் எழுதி, உதாரணங்களை அதில் முதலில் எழுதிப் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன்.

சாயங்காலம் எடை போடும் நேரம். ஒரு பக்கம் மூட்டை, ஒரு பக்கம் பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் மிஷினில் தண்ணீர் வரவில்லை என்று கூப்பாடு. தாளை எடுத்து ஐயாக்கண்ணு கையில் கொடுத்தேன்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். "ஏனுங்க ரைட்டரம்மா, எனக்கு நானே மார்க் போட்டுக்கறதுங்களா? எங்கூருல அந்த வழக்கம்..."

"இப்பப் பழகிக்கங்க."

"இல்லீங்க, இதுக்குக் கீழ ஒரு தாளு..."

"மேல கீழ எல்லாத்தையும் நெரப்பிக் கொண்டாங்க ஐயாக்கண்ணு. எனக்கு நேரமில்ல."

அவர் போய்விட்டார். இரண்டு தாளும் அவரோடு போய்விட்டன. அது எனக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது.

திங்கட்கிழமை பிரகாஷ் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, மேஜைமேல் ஐயாக்கண்ணுவின் தாளை வைத்தார். முகமெல்லாம் சந்தோஷம். "மேடம், இந்த மாதிரி ஒண்ணு சேலத்துல ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டாங்க" என்றார். நேரத்தைப் பயன்படுத்துதலுக்கு ஐயாக்கண்ணுவுக்கு ரெண்டு மார்க். பக்கத்தில், 'ஆட்கள் வரும் ஜீப்பை நிறுத்திவிட்டு வெற்றிலை வாங்கப் போகிறார். இனிமேல் ஜீப் நிற்காது' என்று முடிவே எழுதியிருந்தது. கும்பல் மொத்தமும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருந்தார்கள். தனக்குத் தானே மார்க் போட்டுக்கொள்வது வெட்கங்கெட்ட வேலை என்று ஐயாக்கண்ணு ஊரைக் கூட்டி உட்கார்ந்திருக்கிறார். ஒரு மனுஷன் எப்படி என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அவனே சொல்லக் கூடாது என்பது அவர்கள் கணக்கு.

நானும் சிரித்தேன். அப்புறம் பிரகாஷ் இரண்டாவது தாளை எடுத்து வைத்தார். மேலே என் கையெழுத்தில் என் பெயர்.

நேர்மை அஞ்சு, 'எடையில் ஒரு கிராம் எடுக்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார்'. நேரத்தைப் பயன்படுத்துதல் அஞ்சு. வேலையைப் பகிர்ந்து கொடுத்தல் ரெண்டு, 'ஸ்டோர் சாவியைக் கேட்டால் முறைப்பார்'. கோபத்தைக் கையாளுதல் ஒன்று. பிறர் சொல்வதைக் கேட்டல் ஒன்று, 'நாம் பாதி சொல்லும்போதே பதில் வந்துவிடும்'. எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தது. கூட்டிப் பார்க்கவே வேண்டாம், சராசரி நாலுக்குக் கீழே.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இவர்கள் யார் எனக்கு மார்க் போட? யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் ஜீப்பை வரவழைப்பது யார், மழையில் நனைந்தால் டீ போடச் சொல்வது யார்? ஊரே கூடி உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசியிருக்கிறது என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

பிரகாஷ் மெதுவாகச் சொன்னார். "மேடம், நான் இதைப் பார்க்கலைன்னே வெச்சுக்கங்க. ஆனா உங்ககிட்ட உதாரணம் இல்லை, இதுல உதாரணமும் இருக்கு, கையெழுத்தும் இருக்கு. பென்சில்தான். மார்க்கை மட்டும் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லி வாங்கிட்டீங்கன்னா, இதையே ஏத்திடலாம். அடுத்த திங்கள் வரைக்கும் டைம் இருக்கு."

ஐயாக்கண்ணுவைப் பிடித்து, யாரைக் கேட்டுக்கொண்டு இதைச் செய்தீர்கள் என்று ஒரு மூச்சுக் கத்தினேன். முடிகிற வரைக்கும் அவர் நின்றார்.

"நீங்கதான் கீழ இருக்கறதையும் நெரப்பச் சொன்னீங்க. உங்களையும் எங்காளா நெனச்சுக் குடுத்தீங்கன்னு நெனச்சோமுங்க. நீங்க இல்லாம பேசினதால பென்சில்ல எழுதியிருக்குது. நீங்க வந்து உக்காந்து கேட்டாத்தான் மையில எழுதோணும். ஞாயித்துக்கெழமை வாங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன். வழியெல்லாம் பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அஞ்சு வாங்காமல் திரும்புவதில்லை என்றுதான் போனேன்.

தலைச்சோலையில் ஒரு சிமெண்ட் தளத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நாற்காலி இல்லை. நானும் தரையில் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஐயாக்கண்ணு கையைக் காட்டினார். "ஆரப் பத்திப் பேச்சோ, அவங்க கடைசியாப் பேசோணுமுங்க. அதுதான் மொறை. அதுவரைக்கும் கேட்டுட்டு இருங்க."

கேட்டுக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலில் பேசிய மாதேஷ், லேசாக இருமினதற்கே நான் அவனைக் குடிகாரன் என்று சொன்னதைச் சொன்னான். அவன் மேல் வாடை அடித்தது என்று சொல்ல வாயெடுத்தேன். ஐயாக்கண்ணுவின் கை மறுபடியும் உயர்ந்தது. சென்னம்மாள், போன மாசம் தன் தம்பி கல்யாணத்துக்கு லீவு கேட்க வந்து, நான் போட்ட சத்தத்தில் கேட்காமலே திரும்பிப் போனதைச் சொன்னாள். எனக்கு அது தெரியவே தெரியாது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவர்கள் நல்லதையும் சொன்னார்கள், அதையும் வாயை மூடிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது.

கடைசியில் அத்தாயி. முப்பத்தைந்து வயசு இருக்கும், பறிப்பில் கெட்டிக்காரி, பேச்சில் மெதுவு. இந்தப் பறிப்பின் ஆரம்பத்தில் அவளைக் கதண்டு கொட்டிவிட்டது. கதண்டு என்றால் சாதாரணக் குளவி இல்லை, நாலைந்து சேர்ந்து கொட்டினால் ஆளையே சாய்த்துவிடும். நான்தான் அவளை ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதைத்தான் சொல்லப்போகிறாள், அந்த ஒன்றிலேயே என் மார்க் ஏறிவிடும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அன்னைக்குக் காத்தால நான் ரைட்டரம்மாகிட்ட வந்தேனுங்க" என்று ஆரம்பித்தாள். "ஓக்கு மரத்துப் பக்கம் கதண்டு கூடு கட்டியிருக்குதுன்னு சொல்றதுக்குத்தான் வந்தேன். 'ஓக்கு மரத்துப் பக்கம்'னு ஆரம்பிச்சேன். 'அந்தப் பக்கம் மேடு, ஏறச் சோம்பல், அதுக்குத்தான நொண்டிச் சாக்கு'ன்னு சொல்லீட்டாங்க. அப்பறம் என்ன சொல்றது, போயிட்டேன்."

அவள் சொல்ல வந்தாள் என்பதே எனக்கு இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது.

"ஆஸ்பத்திரியில கூடவே இருந்தாங்க. சோறு ஊட்டி விட்டாங்க. எங்கம்மாகூட அப்படிப் பாத்திருக்க மாட்டாங்க. ஆனா அன்னைக்குப் பூராவும் அவங்கதான் பேசுனாங்க. நான் முன்னாடியே சொல்ல வந்தேன்னு சொல்றதுக்கு அப்பவும் எடம் கெடைக்கலீங்க."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், பேச்சு என்னைப் பற்றியதாக இல்லாமல் இருந்திருந்தால். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் முதுகை இத்தனை பேர் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"இப்ப நீங்க சொல்லுங்க" என்றார் ஐயாக்கண்ணு.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த ஒன்றும் வாயில் வரவில்லை. இருந்ததை இருந்தபடி சொன்னேன். இந்த மார்க்கோடு தாள் போனால் எனக்கு நிரந்தரம் கிடையாது, வேலை போனால் வீடும் போகும், அந்த மனுஷனை அந்தக் காலோடு எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று தெரியவில்லை என்றேன்.

"ஊடு போயிருமுங்களா?" என்று கேட்டாள் சென்னம்மாள்.

ஐயாக்கண்ணு ஒரு சுற்று எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். "அது எங்களுக்குத் தெரியாதுங்க. ஊட்டுக்கே ஆபத்துன்னா அஞ்சே போட்டுருவோம். ஒரு காயிதந்தான? பாவம், நீங்களும் எங்க போவீங்க. ரப்பர எடு மாதேசு."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான் எதற்கு வந்தேனோ அது கிடைத்துவிட்டது. வாங்கிக்கொண்டு பேசாமல் பஸ் ஏறியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அது என் உச்சியில் ஏறிவிட்டது.

"எவன்யா கேட்டான் உங்ககிட்டப் பிச்சை?" என்று கத்தினேன். "ஒரு கிராம் எடை நான் யாருக்காச்சும் சும்மா போட்டிருக்கேனா? எனக்கு மட்டும் சும்மா போட நீங்க யாரு? ஒண்ணுன்னா ஒண்ணுதான்." மாதேஷ் கையிலிருந்த ரப்பரைத் தட்டிவிட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்து, இரண்டு ஒன்றுகளின் மேலும் மையால் அழுத்தி எழுதினேன். சாவிக்குப் போட்ட ரெண்டையும் விடவில்லை.

மாதேஷ்தான் முதலில் பேசினான். "கோபத்துக்குப் போட்ட மார்க்கு சரியாத்தானுங்க இருக்குது."

தளமே சிரித்தது. வீட்டை என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. லூர்துராஜிடம் என்ன சொல்வேன் என்று பயமாக இருந்தது.

"இன்னும் முடியலீங்க" என்றார் ஐயாக்கண்ணு. "தப்ப ஒத்துக்கிட்டா, அது திருந்தற வரைக்கும் அவங்களுக்கு ஒரு ஆளு நிக்கோணும். ஆளு நிக்காட்டிப் பேச்சு முடியாது." தாளின் அடியில் ஒரு கட்டத்தைக் காட்டினார். 'உங்கள் முன்னேற்றத்துக்குத் துணை நிற்பவர்' என்று அச்சடித்திருந்தது. போனில் நான் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பியிருந்தேன்.

"ரைட்டரம்மா வாய்க்கு ஆரு நிக்கறீங்க?"

ஒருவரும் அசையவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் நான் திட்டாத ஆள் ஒருவர் இல்லை. இப்போதும் திட்டித்தான் முடித்திருந்தேன். யாராவது நில்லுங்களேன் என்று கேட்கவும் வாய் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நான் நிக்கறேனுங்க" என்று அத்தாயி எழுந்தாள்.

"நீயா?" என்று கேட்டது நான்தான்.

"ஆமாங்க. வாய எப்படியும் சரி பண்ணிக்கலாம். உங்களப் போகச் சொல்லீட்டுக் கை சுத்தமில்லாத ஆளு ஒருத்தன் வந்தா, அத நாங்க என்ன பண்ணிச் சரி பண்றது?"

நான் அழுதேன். மறைக்கவில்லை, இத்தனை பேருக்கு முன்னால் முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதேன். அத்தாயி கட்டத்தில் தன் பெயரை நிதானமாக எழுதினாள்.

திங்கட்கிழமை பிரகாஷிடம் தாளைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, மார்க்கைத் தானே மாற்றிப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படியே ஏற்றினார். சேலத்திலிருந்து வந்த பதிலில் நிரந்தரம் இல்லை. ஆனால் துணை நிற்பவர் பெயர் இருப்பதால் ஆறு மாசம் பார்ப்பார்களாம், அதற்குப் பிறகு மறுபடி மதிப்பீடு. ஆறு மாசத்துக்கு வீடு எங்களுடையது. லூர்துராஜ் கேட்டுவிட்டு, "ஆறு மாசத்துல என் காலு வேணா சரியாகும்" என்றார்.

அத்தாயி நிற்பது என்றால் வெறும் பெயருக்கு என்றுதான் நினைத்திருந்தேன். மறுநாள் காலை சரிவில் நான் யாரிடமோ குரலை உயர்த்தினேன். மேலே பறித்துக்கொண்டிருந்த அத்தாயி இடுப்புக் கூடையை அவிழ்த்து வைத்துவிட்டு, செடிகளுக்குள் புகுந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் வாயை மூடியதும் திரும்ப ஏறிப் போனாள். அன்றைக்கு முழுக்க, நான் கத்திய போதெல்லாம் கூடையை இறக்கிவிட்டு வந்தாள். போ என்றேன், போகவில்லை.

சாயங்காலம் எடை போட்டேன். கும்பலில் எப்போதும் முதலில் நிற்கும் அத்தாயியின் பழம், அன்று புதிதாக வந்தவர்களுடையதை விடக் குறைவாக இருந்தது. அவள் கூலி அவ்வளவுதான். தராசு முள் காட்டியதற்கு மேல் ஒரு கிராம் கூட நான் எழுத முடியாது, அது அவளுக்கும் தெரியும். உள்ளதை எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்புக்கு நடந்தாள்.

மறுநாள் அவள் இரண்டே தடவைதான் கூடையை இறக்கி வைக்க வேண்டியிருந்தது.